பாசி எடுக்கிறார்கள், பாசி எடுக்கப்படுகிறது: ஆங்கில நிகழ்காலத்தில் எந்த வாக்கியத்தை எழுதுவது?

பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் மாணவி ஒருத்தி, தன் தாயாரின் தொழிலைப் பற்றிக் கல்லூரிக்காக ஒரு பக்கக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தாயார் கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவர். அவள் ஒரு தாளுக்குப் பதிலாக இரண்டு தாள்களைக் கொண்டுவந்தாள். முதல் தாளில் எல்லா வாக்கியங்களும் ‘தே’ என்று தொடங்கின: அவர்கள் போகிறார்கள், அவர்கள் முங்குகிறார்கள், அவர்கள் எடுக்கிறார்கள், அவர்கள் காயப்போடுகிறார்கள். இரண்டாம் தாளில் அதே செய்திகள் அனைத்தும் செயப்பாட்டுவினைக்கு மாறியிருந்தன. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ‘பை தெம்’ என்று ஒரு ஒட்டு இருந்தது. செயப்பாட்டுவினையில் எழுதினால்தான் ஆங்கிலம் கௌரவமாக இருக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். “இதுல எதைக் கொடுக்கட்டும் சார்?” என்று கேட்டாள்.

இரண்டு தாள்களிலும் இலக்கணப் பிழை அநேகமாக இல்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றை அப்படியே எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த வினை உயர்ந்தது என்று கட்டுரை முழுவதற்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் படிப்பவர் யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றித் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அன்று மாலை முழுவதும் அவளும் நானும் அந்த இரண்டு தாள்களை அருகருகே வைத்து அதைத்தான் செய்தோம்.

முதலில் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக நடப்பது, விதியாக இருப்பது, எப்போதும் உண்மையானது ஆகியவற்றைச் சொல்ல ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலம் பயன்படுகிறது. செய்வினையில் வினைச்சொல் தன் முதல் வடிவத்திலேயே நிற்கும். எழுவாய் படர்க்கை ஒருமையாக இருந்தால் மட்டும் ‘எஸ்’ சேரும்: ‘மை மதர் கலெக்ட்ஸ் சீவீட்’, அம்மா பாசி எடுக்கிறார். செயப்பாட்டுவினையில் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ என்ற மூன்றில் எழுவாய்க்குப் பொருந்திய ஒன்றும், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவமும் வரும்: ‘சீவீட் இஸ் கலெக்டட்’, பாசி எடுக்கப்படுகிறது.

‘எடுக்கப்படுகிறது’ என்ற நம் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஆங்கில வடிவமும் விளங்கிவிடும். இதில் ‘எடுக்க’ காலம் காட்டவில்லை. காலம் காட்டும் ‘கிறு’ துணைவினையான ‘படு’ மீது உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: காலம் ‘இஸ்’ என்பதில் இருக்கிறது, ‘கலெக்டட்’ என்பதில் இல்லை. இது பிடிபடாத பிள்ளைகள், மூன்றாம் வடிவத்தைப் பார்த்ததும் இறந்தகாலம் வந்துவிட்டதோ என்று பயந்து ‘சீவீட் இஸ் கலெக்ட்’ என்று எழுதுவார்கள். வேறு சிலர் எதிர்த்திசையில் தவறி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைச் சொல்ல ‘தனுஷ்கோடி இஸ் டிஸ்ட்ராய்ட்’ என்று எழுதுவார்கள். அது நடந்து முடிந்த செய்தி. அங்கே ‘வாஸ்’ வர வேண்டும். ‘படுகிறது’ எங்கே, ‘பட்டது’ எங்கே என்று தமிழில் கேட்டுப் பார்த்தால் ‘இஸ்’ எங்கே, ‘வாஸ்’ எங்கே என்பது தானே தெரிந்துவிடும்.

வடிவம் தெரிந்த பிறகும் தேர்வில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் நம் பேச்சு வழக்கில் இருக்கிறது. தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ ஒருவரிடம் நண்டைப் பற்றிக் கேட்டால், “இங்க நண்டை நல்ல விலைக்கு எடுப்பாங்க” என்பார். யார் எடுப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவரும் தேடவில்லை. எழுவாயை விட்டுவிட்டு, வினைமுற்றின் விகுதியால் மட்டும் ஆட்களைக் காட்டிச் செய்வினையிலேயே பேசிவிட்டுப் போகிற வசதி தமிழில் உண்டு. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கையும் தொல்காப்பியம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’ என்பது. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது என்று கேட்பவருக்குத் தெரியும். ஆகவே ‘படு’ சேர்த்த வாக்கியம் நம் அன்றாடப் பேச்சில் அதிகம் தேவைப்படுவதில்லை.

ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. கூற்று வாக்கியத்தில் எழுவாய் இடம் காலியாக இருக்கக் கூடாது. அந்தக் காலியிடத்தை நம் பிள்ளைகள் ‘தே’ போட்டு நிரப்புகிறார்கள். என் மாணவியின் முதல் தாள் முழுவதும் நிரம்பியிருந்தது அந்தத் ‘தே’தான். ஆங்கிலேயர் காதுக்கு ‘தே’ என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே குறிப்பிட்ட யாரோ சிலர். ‘தே பை கிராப்ஸ் ஹியர்’ என்று படித்ததும், “எவர்?” என்று அவர் மேலே தேடுவார். நாம் எழுவாயைச் சொல்லாமல் விடும் இடங்கள் பலவற்றில் ஆங்கிலம் செயப்பாட்டுவினையை வைத்திருக்கிறது: ‘கிராப்ஸ் ஆர் பாட் ஹியர்’. பேச்சுத் தமிழின் ‘எடுப்பாங்க’ என்ற ஒரு சொல்லுக்கு நேரான ஆங்கிலம் ‘ஆர் பாட்’ என்பது புரிந்துவிட்டால் பாதித் தடுமாற்றம் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இனி அவளுடைய தாள்களுக்கு வருகிறேன். கட்டுரையின் முதல் பத்தி, தாயாரும் அவரோடு போகும் பெண்களும் செய்யும் வேலையைப் பற்றியது. விடியுமுன் கிளம்புகிறார்கள், விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள், கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள், மூச்சை அடக்கி முங்குகிறார்கள், பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுகிறார்கள். இரண்டாம் தாளில் இது ‘த ஃபிங்கர்ஸ் ஆர் ராப்ட் வித் கிளாத்’ என்று ஆகியிருந்தது; விரல்கள் துணியால் சுற்றப்படுகின்றன. இலக்கணம் சரிதான். ஆனால் யாருடைய விரல்கள்? அந்தத் துணி கூர்மையான பாறையிலிருந்து விரலைக் காப்பதற்காகச் சுற்றியது. அதைச் சுற்றிக்கொள்கிறவர் வாக்கியத்தில் இல்லையென்றால் அந்த விவரத்துக்கு உயிர் இல்லை. இந்தப் பத்தி முழுவதையும் நாங்கள் செய்வினையிலேயே வைத்தோம். ஒரேயொரு மாற்றம்தான் செய்தோம்: பொத்தாம்பொதுவான ‘தே’க்குப் பதிலாக முதல் வாக்கியத்தில் ‘மை மதர் அண்ட் த விமன் ஆஃப் அவர் வில்லேஜ்’ என்று ஆளைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு ‘தே’ வர அனுமதித்தோம். அப்போது ‘தே’ யாரைச் சுட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. இந்தக் கடற்கரையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் பல குறிப்புகளில் பாசி எடுக்கப்படுகிறது, கருவாடு உலர்த்தப்படுகிறது, நண்டுச்சதை பிரிக்கப்படுகிறது. எடுக்கும், உலர்த்தும், பிரிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பது எங்கும் தெரிவதில்லை. எழுதியவர் வேண்டுமென்றே மறைக்கவில்லை. செயப்பாட்டுவினை செய்பவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துக்கொள்ள இடம் தருவதால் அவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். ஆட்களைப் பற்றி எழுதும்போது செய்வினையே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று நான் என் பிள்ளைகளிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டாம் பத்தியில் நிலைமை மாறுகிறது. கரைக்கு வந்த பாசி என்ன ஆகிறது என்பதே அங்கே பேச்சு. கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் தரம் பிரிக்கப்படுகின்றன, கழுவப்படுகின்றன, எடை போடப்படுகின்றன, வியாபாரியிடம் விற்கப்படுகின்றன, பின்னர் ஆலையில் அவற்றிலிருந்து அகர் என்ற கூழ்போன்ற பொருள் எடுக்கப்படுகிறது. இந்த வரிசையில் செய்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்: கழுவுவது ஒருவர், எடை போடுவது வேறொருவர், ஆலையில் இருப்பவர்கள் மற்றவர்கள். செய்வினையில் எழுதினால் ஒவ்வொரு வாக்கியத்திலும் புதிய ஆளை அழைத்துவந்து அறிமுகப்படுத்த வேண்டும். படிப்பவரின் கண் பாசியைத் தவறவிட்டு ஆட்களின் பின்னால் அலையும். செயப்பாட்டுவினையில் பாசியே எழுவாயாகக் கடைசிவரை நிற்கிறது: ‘த சீவீட் இஸ் சார்ட்டட், வாஷ்ட் அண்ட் வெய்ட்’. ஒரே ‘இஸ்’ மூன்று வினைகளுக்கும் போதும் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் சுருக்கம். செய்முறை விளக்கம் எதற்கும் இதே முடிவுதான் பொருந்தும். நீலக்கால் நண்டு வேகவைக்கப்பட்டு, சதை கையால் பிரிக்கப்பட்டு, டப்பாவில் அடைக்கப்படும் வேலையை விவரிக்கும்போதும் நண்டை முன்னால் நிறுத்துவதே நல்லது.

அப்படியானால் ‘பை தெம்’ என்ற வாலை என்ன செய்வது? பெரும்பாலும் வெட்டிவிட வேண்டியதுதான். வகுப்பில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சியில் எழுவாய் எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்பதால் ‘பை மீ’, ‘பை ஹிம்’, ‘பை தெம்’ என்று கட்டாயமாக எழுத வைக்கிறார்கள்; மதிப்பெண்ணுக்காக ஏற்பட்ட அந்தப் பழக்கம் பிறகு எழுத்திலும் ஒட்டிக்கொள்கிறது. செய்பவர் யார் என்பது புதிய செய்தியாகவோ முக்கியமான செய்தியாகவோ இருந்தால் மட்டுமே ‘பை’ இருக்கலாம். ‘த வொர்க் இஸ் டன் மெயின்லி பை விமன்’ என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல்தான் செய்தி; அதை வெட்டினால் வாக்கியமே வீண். ‘த சீவீட் இஸ் வாஷ்ட் பை தெம்’ என்பதில் கடைசி இரண்டு சொற்கள் எதையும் சேர்க்கவில்லை. கருவிக்கு வருவது ‘வித்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அப்பா வலையை ஊசியால் பின்னுகிறார் என்றால், வலை பின்னப்படுவது ‘பை மை ஃபாதர்’, ஆனால் ‘வித் எ நீடில்’. தமிழில் அப்பாவுக்கும் ஊசிக்கும் ‘ஆல்’ என்ற ஒரே உருபு போதுமென்பதால் இங்கே பிள்ளைகள் தவறுவது இயல்பு.

விதிகளைச் சொல்லும் வாக்கியங்கள் அவள் கட்டுரையில் இரண்டே இருந்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே போவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. இவற்றுக்குச் செயப்பாட்டுவினைதான் என்பதில் தயக்கமே வரவில்லை. தடை விதிப்பது அரசு என்பது எல்லோருக்கும் தெரியும். படிப்பவருக்கு வேண்டியது எது தடுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை நாட்களுக்கு என்பது. ‘ஃபிஷிங் பை மெக்கனைஸ்ட் போட்ஸ் இஸ் பேன்ட் ஃபார் சிக்ஸ்டிஒன் டேஸ்’ என்று எழுதினோம். ஆண்டுதோறும் திரும்பி வருவதால் இதற்கு ‘வாஸ்’ தேவையில்லை. ஆனால் அந்த விதியால் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல வந்த அடுத்த வாக்கியத்தை, என்னைக் கேட்காமலே அவள் செய்வினைக்கு மாற்றிவிட்டாள்: அந்த மாதங்களில் விசைப்படகில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டில் இருக்கிறான், அம்மாவின் வருமானத்தில் குடும்பம் நடக்கிறது. சரியான இடத்தில் சரியாக மாற்றியிருந்தாள்.

நெடுநேரம் எங்களைப் பிடித்து வைத்தது பாசி காயும் வாக்கியம். ‘த சீவீட் இஸ் டிரைட் ஆன் த சேண்ட்’ என்று இரண்டாம் தாளில் இருந்தது, மணலில் உலர்த்தப்படுகிறது. முதல் தாளில் ‘தே டிரை த சீவீட்’, உலர்த்துகிறார்கள். இவை இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது: ‘த சீவீட் டிரைஸ் இன் டூ டேஸ்’, பாசி இரண்டு நாளில் உலர்கிறது. நமக்கு இது கைவந்த வேறுபாடு. உலர்கிறது, உலர்த்துகிறார், உடைகிறது, உடைக்கிறார், நிறைகிறது, நிறைக்கிறார் என்று தமிழ் இரண்டுக்கும் தனித்தனி உருவம் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டிரை’, ‘பிரேக்’, ‘ஃபில்’, ‘ஓபன்’ போன்ற சொற்கள் ஒரே உருவத்தில் இரண்டு வேலையையும் செய்கின்றன. ஆகவே முடிவெடுப்பதற்கு முன் தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்லது. ‘உலர்கிறது’ என்று மனம் சொன்னால் ‘டிரைஸ்’. ‘உலர்த்துவாங்க’ என்று வந்து, ஆள் முக்கியமில்லை என்றால் ‘இஸ் டிரைட்’. வெயிலும் கடற்காற்றும் செய்யும் வேலையைச் சொல்ல வந்த அந்த வாக்கியத்தில் அவள் ‘டிரைஸ்’ என்பதையே வைத்துக்கொண்டாள். மழை வந்தால் அள்ளிக் கூரைக்குள் போடுவது ஆட்களின் வேலை என்பதால் அதற்குச் செய்வினை.

பாம்பன் பாலத்தை வைத்து இதே வேறுபாட்டைக் காட்டினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியைத் தொழிலாளர்கள் கையால் இயக்கித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழுகிறது. ‘த ஸ்பான் இஸ் ரெய்ஸ்ட்’ என்றால் யாரோ உயர்த்துகிறார்கள் என்பது உள்ளே இருக்கிறது. ‘த பிரிட்ஜ் ஓபன்ஸ்’ என்றால் பாலம் திறக்கிறது என்பதோடு சரி. ‘த பிரிட்ஜ் இஸ் குளோஸ்ட்’ என்பது மட்டும் இரட்டைப் பொருள் தரும்: வழக்கமாக மூடப்படுகிறது என்றும் கொள்ளலாம், இப்போது மூடிக் கிடக்கிறது என்றும் கொள்ளலாம். ‘எவ்ரி டே’ போன்ற ஒரு காலக் குறிப்பைச் சேர்த்தால் முதல் பொருள் உறுதியாகும்.

தேர்வுக்கே இடமில்லாத வினைகளும் உண்டு. ‘கோ’, ‘கம்’, ‘அரைவ்’ போன்றவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது. படகு கரைக்கு வருகிறது என்பதைச் செயப்பாட்டுவினையாக்க யாராலும் முடியாது. ‘வெய்’ என்ற சொல் இரண்டு பக்கமும் நிற்கும்: ‘த ஃபிஷ் வெய்ஸ் டூ கிலோஸ்’, மீன் இரண்டு கிலோ இருக்கிறது, இதற்குச் செய்வினை மட்டுமே. ‘த ஃபிஷ் இஸ் வெய்ட் அட் த ஹார்பர்’, துறைமுகத்தில் எடை போடப்படுகிறது. இதில் இரண்டு வினையும் செல்லும். எதிர்மறையும் வினாவும் கடினமானவை அல்ல. செய்வினைக்கு ‘டு நாட்’, ‘டஸ் நாட்’. செயப்பாட்டுவினைக்கு ‘இஸ் நாட்’, ‘ஆர் நாட்’. வினாவில் அந்த முதல் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய்விடும். ‘டஸ்’ஸும் ‘இஸ்’ஸும் ஒரே வாக்கியத்தில் கலந்து ‘டஸ் இட் இஸ் சோல்ட்’ என்று வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேலைக்கான நேர்முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறால் பதனிடும் ஆலைகளில் கணக்கு, தரச் சோதனை வேலைகளுக்குப் போகும் பிள்ளைகள், “உன் வேலை என்ன?” என்று கேட்டால் ‘த ரெக்கார்ட்ஸ் ஆர் மெயின்டெய்ன்ட் பை மீ’ என்று சொல்லிப் பழகி வருகிறார்கள். பணிவாக ஒலிக்கும் என்று நினைக்கிறார்கள். கேட்பவருக்கோ அது தட்டிக்கழிப்பது போலத் தோன்றும். தன்னைப் பற்றிய கேள்விக்கு ‘ஐ மெயின்டெய்ன் த ரெக்கார்ட்ஸ்’ என்பதே நேரான பதில். ஆலையில் பதனிடும் முறை என்ன என்று கேட்டால் அப்போது ‘த பிரான்ஸ் ஆர் பீல்ட், வாஷ்ட் அண்ட் ஃப்ரோஸன்’ என்று மாறிக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்வதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

மாணவியின் கட்டுரையில் கடைசியாக எஞ்சியது கூலியைப் பற்றிய வாக்கியம். ‘த மெர்ச்சன்ட் பேஸ் மணி டு தெம்’ என்று முதல் தாளிலும், ‘மணி இஸ் பெய்ட் டு தெம் பை த மெர்ச்சன்ட்’ என்று இரண்டாம் தாளிலும் இருந்தது. முதலாவது வியாபாரியை முன்னால் வைக்கிறது. இரண்டாவது பணத்தை முன்னால் வைக்கிறது. ‘பே’, ‘கிவ்’, ‘டெல்’ போன்ற இரண்டு செயப்படுபொருள் ஏற்கும் வினைகளில், பெறுகிற ஆளையே எழுவாயாக நிறுத்தும் வழி ஆங்கிலத்தில் உண்டு என்று சொன்னேன்: ‘தே ஆர் பெய்ட்’. தமிழில் இதற்கு நேர்வாக்கியம் இல்லை. அவர்களுக்குக் கூலி தரப்படுகிறது என்று நான்காம் வேற்றுமையில்தான் சொல்ல முடியும், ‘அவர்கள் தரப்படுகிறார்கள்’ என்றால் பொருளே திரிந்துவிடும். அதனால்தான் இந்த வடிவம் நம் பிள்ளைகளுக்குத் தானாகத் தோன்றுவதில்லை. அவள் சற்று நேரம் யோசித்தாள், பிறகு, “அப்ப அம்மாவே முன்னாடி நிக்கலாம்ல சார்?” என்றாள். நிற்கலாம் என்றேன். இரண்டு தாள்களிலும் இருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: ‘மை மதர் இஸ் பெய்ட் பை வெயிட்’, எடைக்குத் தக்கபடி அம்மாவுக்குக் கூலி கிடைக்கிறது. அதன் கீழே, செய்வினையில், இன்னொன்றையும் சேர்த்தாள்: ‘ஷீ செக்ஸ் த ஸ்கேல் எவ்ரி டைம்’, ஒவ்வொரு முறையும் அம்மா தராசைப் பார்க்கிறார்.